வேணும்னா எந்த 'வேணும்'?

மகள் பி.காம். முடித்துவிட்டு மேற்படிப்புக்கு ஸ்பெயின் போகணும்கிறாள். அதற்காக இங்கே டெல்லி ஹனுமான் ரோட்டில் இருக்கிற செர்வாந்தேஸ் நிறுவனத்தில் ஸ்பானிஷ் வகுப்பு. ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் அவள் புத்தகத்தை நானும் புரட்டுகிறேன். நாளெல்லாம் டெபிட், கிரெடிட் பார்த்த கண்ணுக்கு நல்ல மாறுதலுங்க.

முதலில் வருவது 'கியேரோ'. 'கியேரோ அகுவா' என்றால் தண்ணி வேணும். 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டாம். நம்ம 'வந்தேன்' மாதிரி வினையின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் கடையில் இப்படிக் கேட்டால் கொஞ்சம் அதிகாரமாக ஒலிக்குமாம். அங்கே 'கிசியேரா', இல்லாவிட்டால் 'மே குஸ்தாரியா'. அந்த 'மே' நம்ம 'எனக்கு'தான். 'மே குஸ்தா எல் கஃபே', எனக்குக் காபி பிடிக்கும். இங்கிலீஷ் வழியாகப் போனால்தான் தலை சுற்றும்.

எனக்கு இடித்த இடம் வேறு. தமிழில் 'நீ போகணும்' என்றால் அது ஆசையா, கட்டளையா? குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கணும். ஸ்பானிஷில் இரண்டும் தனித்தனி. கட்டாயம் என்றால் 'தியேனெஸ் கே இர்'. என் ஆசை என்றால் 'கியேரோ கே வாயாஸ்'. அதாவது ஆசைப்படுகிறவர் முதலில் வந்து கையெழுத்துப் போட்டாகணும். அப்புறம்தான் அடுத்தவர் செய்ய வேண்டியது, அதுவும் வினை உருமாறி வரும். ஆரம்பப் பாடத்தில் இது கிடையாது, மகள் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தாள்.

'நீ பேங்க் பரீட்சை எழுதணும்' என்று என் அப்பா சொன்னது இதில் எந்த ரகமோ. நான் கேட்டதில்லை, எழுதினேன்.

இவள் கேட்கிறாள். "அப்பா, நான் இங்கேயே இருக்கணும்னு சொல்றீங்களே, அது 'தியேனெஸ்'ஸா, 'கியேரோ'வா?"

"கியேரோதாம்மா."

"அப்ப சரி, ஆசைப்படுங்க!" என்று சிரித்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்பப் போய்விட்டாள். 'தே கியேரோ' என்றால் உன்மேல் பிரியம் என்று அர்த்தம். வேணும் என்பதற்கும் பிரியத்துக்கும் அங்கே ஒரே வினைதான் :-)

வீட்டம்மாவுக்குப் பிடித்தது 'ஓஹலா'. கடவுள் மனசு வைக்கணுமே என்ற பொருளில் அரபியிலிருந்து வந்த சொல். 711லிருந்து 1492 வரை ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி இருந்ததே, அதன் மிச்சம். 'ஓஹலா' சொல்லி, பின்னால் நடக்க வேண்டியதைச் சேர்க்கணும்.

மகள் போகணுமா, இருக்கணுமா என்று கேட்டால் 'ஓஹலா' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறாள்.