உட்கார்ந்து பார்த்து வாங்கும் துப்பாக்கி

வான்கோழி வேட்டைக்குப் பம்ப் துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் கடையில் நின்றபடி தோளில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள். நான் தரையில் உட்காரச் சொல்வேன். துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, சுவரில் சாய்ந்து, இடது முழங்காலை உயர்த்தி அதன்மேல் துப்பாக்கியைத் தாங்குங்கள். பத்து நிமிடம் கை நடுங்காமல் இருந்தால் மேற்கொண்டு பேசலாம். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

அமெரிக்காவில் வசந்த கால வேட்டை அப்படிப்பட்டது. மரத்தடியில் அமர்ந்து பெட்டையின் குரல் எழுப்பிச் சேவலை வரவழைக்க வேண்டும். சிறு அசைவும் அதன் கண்ணுக்குத் தப்பாது. 28 அங்குலக் குழல் புதரில் இடிக்கும். 21 முதல் 24 அங்குலம் போதும். முன்னும் பின்னும் இழுக்கும் பிடிகட்டையைக் குலுக்கிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் காட்டிலும் ஆடும்.

சேஃப்டி எங்கே இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. 1950-ல் வந்த ரெமிங்டன் 870-ல் அது விசைக்குப் பின்னால் குறுக்குப் பொத்தான். மாஸ்பெர்க் 500-ல் மேலே, கட்டைவிரலுக்கு அடியில். இடது கைக்காரர்களுக்கு வரம். ஆனால் அதே துப்பாக்கிக்குக் கைத்துப்பாக்கி போன்ற செங்குத்துப் பிடி போட்டால் கட்டைவிரல் அங்கே எட்டாது. வான்கோழிக்கென்று விற்கும் சில மாடல்களில் அந்தப் பிடிதான் வருகிறது!

அடுத்தது தோட்டா. மாஸ்பெர்க் 835, மூன்றரை அங்குல 12 கேஜ் தோட்டாவுக்காகவே 1988-ல் வந்தது. பெரியது நல்லது என்ற எண்ணம் அதோடு வேர்விட்டது. எடை குறைந்த பம்பில் அந்த உதையைத் தணிக்க எதுவும் இல்லை. வாங்கிய தோள் அடுத்த முறை சுடும் முன்பே சுருங்கிக்கொள்ளும். மூன்று அங்குலம் எனக்குத் தாராளம். டங்ஸ்டன் ரவை வந்தபின் 20 கேஜே போதும் என்பவர்களோடும் நான் சண்டை போடுவதில்லை. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 11 கிராம், டங்ஸ்டன் ரவைக்கோ 18. அதனால் 9-ஆம் எண் பொடி ரவையே தலையையும் கழுத்தையும் துளைக்கும். விலைதான் வயிற்றைக் கலக்கும்.

எது வாங்கினாலும் காகிதத்தில் சுட்டுப் பார்க்காமல் காட்டுக்குப் போகாதீர்கள். 40 கெஜத்தில் 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவை என்பது வேட்டைக்காரர்களின் பழைய கணக்கு. குழல் முனையில் ரவைப் பரவலைக் குறுக்கும் சோக் ஒன்றே, தோட்டா ஒன்றே, மாடல் ஒன்றே. ஆனாலும் இரண்டு துப்பாக்கிகள் இரண்டு விதமாகப் பரப்பும். 20 கெஜத்திலும் சுடுங்கள். அங்கே ரவை இன்னும் விரியாமல் கைப்பிடி அளவில்தான் போகும், கன்னம் கட்டையை விட்டுச் சற்று எழுந்தாலும் தலைக்கு மேலே பறந்துவிடும். ரெட் டாட் குறிநோக்கி பொருத்தினால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

பழைய 870 மலிவாகக் கிடைத்தால் தயங்க வேண்டாம். மிச்சப் பணத்தில் நல்ல சோக்கும் இரண்டு மூன்று வகைத் தோட்டாவும் வாங்கலாம். குழலில் பொறித்திருப்பதை மட்டும் முதலில் படியுங்கள்: பல பழைய குழல்கள் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவுக்கு மட்டுமே, சோக் திருகும் மரை இல்லாதவையும் உண்டு.