முதல் ஏரி

சில சொற்களுக்கு நடுவயதில் சனி பிடிக்கிறது. ‘அணு’ அப்படி ஒரு சொல். கண்ணுக்கு எட்டாத நுண்பொருளுக்கு நம் முன்னோர் வைத்த சாதுவான பெயர். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவின் மேல் குண்டு விழுந்தது. அதோடு அதற்குக் கெட்ட பேர் வந்துவிட்டது. பிறகு எத்தனை நல்ல காரியம் செய்தும் பழி போகவில்லை.

போன வருஷம் அந்தச் சொல் எங்கள் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துத் தறி வீடு ஒன்றில் நுழைந்து, ஒரு குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்த வீட்டு அம்மாளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கோர்வைச் சேலை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா. ஆகவே ஒருவர் மட்டும் உட்கார்ந்து நெய்ய வராது. ஒரு பக்கத்துக் கரை நாடாவை எறிய இன்னோர் ஆள் வேண்டும். முப்பது வருஷமாக அந்த ஆள் அக்காதான். நெய்தது யார் என்று கேட்டால் எல்லோரும் புருஷன் பேரைத்தான் சொல்வார்கள். அது வேறு கதை.

வலது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. நாலு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. வலி இல்லை, ஆகவே வியாதி இல்லை என்பது அவர் கணக்கு. இந்த நோயின் சூதே அங்கேதான் இருக்கிறது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஊர்ப் பயமும் சேர்ந்துகொண்டது. இங்கே பிறந்த அண்ணா 1969 பிப்ரவரி 3-ல் புற்றுநோயால்தான் காலமானார். அவர் பெயரால் காரைப்பேட்டையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கள் தெருவில் சிலர் நோயின் பேரைச் சொல்லாமல், ‘காரைப்பேட்டைச் சமாசாரம்’ என்று குரலைத் தாழ்த்துவார்கள். பேரைச் சொல்லாவிட்டால் அது வாசல் தாண்டி வராது என்று எண்ணம் போலும்!

மகள் கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மாமோகிராம் எடுத்து, ஊசியால் சதை எடுத்துச் சோதித்து, புற்றுநோய்தான் என்று முடிவாயிற்று. சென்னையில் ஆபரேஷன். அதற்கு முன்னால் அணு மருத்துவப் பிரிவில் ஓர் ஊசி போட்டுப் படம் எடுக்க வேண்டும் என்றார்களாம். கட்டியைத் தாங்கிய அக்கா இந்த ஒரு வார்த்தையில் ஆடிப்போய்விட்டார்.

“ஏன் தம்பி, நீ நாலு புஸ்தகம் எழுதினவன். அணுன்னா குண்டுல வெக்கறதுதானே? அதையா உடம்புல ஏத்துவாங்க?”

கதை எழுதுகிறவனுக்குச் சகலமும் தெரியும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். நான் கல்லூரியில் இரண்டு வருஷம் விஞ்ஞானம் படித்ததோடு சரி. டாக்டர் நண்பர் ஒருவரைப் பிடித்துக் குடைந்து கேட்டேன்.

ஊசியில் இருப்பது டெக்னீஷியம் என்ற உலோகம். கலிபோர்னியாவிலிருந்து தபாலில் வந்த ஒரு மாலிப்டினத் தகட்டில், 1937-ல் இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் பெர்ரியர், செக்ரே என்ற இருவர் அதைக் கண்டார்கள். மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் அது. பெயருக்குப் பொருளும் அதுதான். மருத்துவத்துக்குப் பயன்படும் வகைக்கு ஆயுள் குறைவு. ஆறு மணி நேரத்தில் பாதியாகும். இன்னும் ஆறு மணியில் அதிலும் பாதி. ஒரு நாள் கழிந்தால் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். அத்தனை சீக்கிரம் கரைவதை ஆஸ்பத்திரி எப்படிச் சேமித்து வைக்கும்? ஈயக் கூட்டுக்குள் மாலிப்டினத்தை வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து டெக்னீஷியம் ஊறிக்கொண்டே இருக்கும்; உப்புநீரை விட்டுக் காலையில் வடித்துக்கொள்வார்கள். அந்தக் கூட்டுக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் ‘பசு’. வடிப்பதற்குப் பெயர் ‘கறப்பது’. இதைச் சொன்னபோதுதான் அக்கா முதல் தடவையாகச் சிரித்தார்.

வழக்கமான எக்ஸ்ரேயில் கதிர் வெளியேயிருந்து உடம்பை ஊடுருவி வருகிறது. இங்கே கதிர் உள்ளேயிருந்து வருகிறது. காமிரா வெளியே காத்திருந்து வாங்கிக்கொள்கிறது. 1950-களில் ஹால் ஆங்கர் என்ற அமெரிக்கர் அமைத்த காமிராதான் இதற்கு மூதாதை. இதனால் என்ன லாபம் என்றால், மாமோகிராமில் கட்டியும் வெள்ளை, நெருக்கமான மார்புத் திசுவும் வெள்ளை. வெள்ளைப் பாவில் வெள்ளை இழை அறுந்ததைக் கண்ணால் பிடிக்க முடியுமா? வயது குறைந்த பெண்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். டெக்னீஷியத்தோடு செஸ்டமிபி என்ற மருந்தைச் சேர்த்துச் செலுத்தினால், மும்முரமாக வேலை செய்யும் புற்று அணுக்கள் அதை அதிகமாக உறிஞ்சிப் படத்தில் தனியே தெரியும். முதலில் இதயத்தைப் பார்க்க வந்த மருந்து அது. ஆனால் உடம்பு முழுவதும் கொஞ்சம் கதிர் படும். மிகச் சின்னக் கட்டி தப்பிவிடலாம். ஆகவே எல்லோருக்கும் முதல் சோதனையாக இதைச் செய்வதில்லை. அது நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

அக்காவுக்குத் தேவைப்பட்டது வேறு. கட்டி இருக்குமிடம் தெரியும். அக்குளுக்குப் பரவியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதை விளக்க எனக்கு எங்கள் ஜில்லாவின் ஏரிகளே கைகொடுத்தன. மேல் ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். மார்பின் நிணநீரும் அக்குளில் இருக்கும் கணுக்களுக்கு அப்படித்தான் போகிறது. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அதே ஜாதிக் கணுக்கள். புற்று அணு கிளம்பினால் பெரும்பாலும் முதல் ஏரியில்தான் வந்து தங்கும். அதில் இல்லையென்றால் கீழ் ஏரிகளைத் தோண்டுவானேன்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹால்ஸ்டெட் வகுத்த ஆபரேஷனில் மார்பையும், அடியிலிருந்த தசையையும், அக்குள் கணுக்களையும் சேர்த்து எடுத்தார்கள். பின்னால் தசையை விட்டார்கள். கணுக்களை வெகுகாலம் விடவில்லை. அதனால் பல பெண்களுக்குக் கை வீங்கிக் கனத்தது. முதல் கணுவைக் கதிர்க் கருவியால் தேடும் முறையை டேவிட் க்ராக் 1993-ல் வெளியிட்டார். டெக்னீஷியத்தை மார்பில் செலுத்தினால் அது நிணநீரோடு ஓடி முதல் கணுவில் நிற்கும். காமிரா இடத்தைக் காட்டும். ஆபரேஷன் மேஜையில் பேனா போன்ற கருவியை அக்குளில் நகர்த்தினால், அந்த இடத்தில் சத்தம் கூடும். நீலச் சாயத்தையும் சேர்த்துச் செலுத்துவது உண்டு.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன் வலக்கையை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

“அப்போ இந்தக் கை நாடா எறியுமா?”

“அதுக்காகத்தான்க்கா அந்த ஊசியே” என்றேன்.

போனார். இரண்டு கணுக்களை எடுத்துச் சோதித்தார்கள், நோய் இல்லை. மற்றவற்றைத் தொடவில்லை. பிறகு கதிர் சிகிச்சையும் நடந்தது. மாத்திரை இன்னும் பல வருஷம் சாப்பிட வேண்டுமாம்.

சென்ற வாரம் போனபோது தறியில் மாம்பழ நிறச் சேலை, அரக்குக் கரை. கரை நாடாவை மருமகள் எறிந்துகொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். “ஊடை தொய்யுதுடி, கரை சுருங்கிப்போகும்” என்றார். அப்புறமும் சரிப்படவில்லை. “தள்ளு” என்று சொல்லி நாடாவை வாங்கிக்கொண்டார்.