வளைந்த மரமும் வளையாத மனமும்

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது முன்னோர் மொழி. பிள்ளைகளைக் கண்டிக்கும்போதெல்லாம் கணவனும் மனைவியுமான நாங்கள் இருவரும் இதனை ஓயாமல் ஓதி வந்தோம். அந்தப் பழமொழியின் மறுபக்கத்தை எங்களுக்குக் காட்டியவை ஒரு பழைய தேக்குப் பலகையும் எங்கள் இளைய மகனின் பொறுமையுமே.

அவன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் கணிதத்தில் தவறினான். துணைத் தேர்வும் கைகொடுக்கவில்லை. எங்கள் நாவோ அடங்கவில்லை. அண்டை வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை எடுத்துக் கூறினோம்; அவனுக்காகச் செலவிட்ட பணத்தைக் கணக்கிட்டுக் காட்டினோம். அவன் மறுமொழி ஏதும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குச் சென்று தனியே உண்ணலானான். இரவு செபமாலையிலும் அவன் இடம் வெறுமையாயிற்று. நான்கு மாதங்கள் இவ்வாறு கழிந்தன.

ஒருநாள் அவனே வந்து, பரண்மேல் கிடந்த பாட்டனார் காலத்து அலமாரியின் உடைந்த கதவைத் தரும்படி கேட்டான். எதற்கென்று வினவினோம். “உகுலேலே செய்யப் போகிறேன்” என்றான். கித்தாரின் குழந்தை போன்ற, நான்கே தந்திகள் கொண்ட, ஒன்றே முக்கால் அடி நீளமுள்ள இசைக்கருவி அது. படிப்பை விட்டுவிட்டு இது ஒரு கேடா என்று வாய்வரை வந்த சொல்லை அன்று எப்படியோ விழுங்கினோம். அவன் பேசத் தொடங்கியதே போதும் என்றிருந்தது.

அதன் வரலாற்றை அவன் வாயிலாகவே அறிந்தோம். 1879-ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில் ‘ரேவன்ஸ்கிராக்’ என்னும் கப்பல், போர்த்துக்கல் நாட்டைச் சேர்ந்த மதேரா தீவின் ஏழை மக்கள் நானூற்றுக்கு மேற்பட்டோரைச் சுமந்து ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைக்க வந்தவர்கள் அவர்கள். அவர்களுள் மரவேலை அறிந்த மூவர் இருந்தனர்: மனுவேல் நூனஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்து சாந்து. தங்கள் ஊரின் சிறு நரம்பிசைக் கருவியை அடியொற்றி, அத்தீவுகளின் கோவா மரத்தால் இவர்கள் செய்ததே உகுலேலே. மன்னர் கலாகவுவாவும் அதனை விரும்பி ஆதரித்தார். மூன்றாமவரின் பெயரைக் கேட்டதும் நாங்கள் வியந்தோம். நம் பாட்டிமார் சிலுவை அடையாளம் வரைகையில் ‘இஸ்பிரீத்து சாந்து’ என்று சொன்ன அதே சொல்லன்றோ! தமிழில் சொன்னால் அவர் ‘பரிசுத்த ஆவியின் சூசை’. தொழிலிலும் சூசையப்பரைப் போல் மரவேலைக்காரர்.

வீட்டின் பின்கட்டு பட்டறையாயிற்று. இழைப்புளியும் உப்புத்தாளும் கொண்டு பலகையை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனத்திற்கு இழைத்தோம். விரற்பலகையில் மெட்டுகள் அமையும் இடங்களை அவனே கணக்கிட்டான். தந்தியின் நீளம் 350 மில்லிமீட்டர், அதனை 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் கிடைக்கும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுக்க வேண்டும். இப்படியே தொடர்ந்தால் பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியான 175-இல் வந்து நிற்கும். அவன் கணக்கிலும் அப்படியே வந்து நின்றது. கணிதத்தில் தவறியவன் என்று நாங்கள் ஏசிய பிள்ளை அவன்!

பக்கப் பலகைகளை வளைப்பதே கடினமான வேலை. பலகையை நீரில் ஊறவைத்து, உள்ளிருந்து சூடேற்றிய இரும்புக் குழாயின்மேல் வைத்து மெல்ல மெல்ல வளைக்க வேண்டும். எங்களுள் ஒருவர் அவசரப்பட்டு அழுத்தினார். படீரென்று பலகை முறிந்தது. மற்றவர் அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். அறுபது ஆண்டு உலர்ந்த தேக்கு; முறிந்த துண்டு இரண்டாய்த் தரையில் கிடந்தது.

எங்கள் மகன் கடிந்துகொள்ளவில்லை. வேறொரு பலகையை எடுத்து நனைத்தான். “சற்றுப் பொறுங்கள் அப்பா. சூடு உள்ளே இறங்கட்டும். மரம் இளகும்போது கைக்கே தெரியும்” என்றான். அவ்வாறே நிகழ்ந்தது. மரத்தின் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருள் ஈரத்திலும் சூட்டிலும் இளகிக் கொடுக்கிறது. ஆறியபின் புதிய வடிவிலேயே உறுதி பெறுகிறது. எதிர்த்து நின்ற பலகை திடீரென்று வெண்ணெய்போல் கைக்கு இசைந்தது.

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. தவறு செய்த எங்களுக்கு அவன் காட்டிய பொறுமையில் பத்தில் ஒரு பங்கையேனும், தேர்வில் தவறிய அவனுக்கு நாங்கள் காட்டினோமா? ஈரமும் இல்லாமல், இதமான வெப்பமும் இல்லாமல், வெறும் பலத்தாலேயே அவனை வளைக்க முயன்றோம். அவன் முறியாதது இறைவனின் இரக்கமே. மறுநாள் காலை அவனை அழைத்து, “நாங்கள் பேசியது தவறு, மகனே” என்றோம். ஐம்பதைக் கடந்தவர்கள் பிள்ளையிடம் சொல்வதற்கு அது எளிய சொல்லன்று. அவன் தலைகுனிந்து நின்றான். பின்னர், “பசை காய்ந்திருக்கும், வாருங்கள்” என்று பின்கட்டுக்கு நடந்தான்.

துணிக்கிளிப்புகளால் இறுக்கி ஒட்டிய உடற்பகுதியில் மேற்பலகை பொருந்தியது. குதிரையும் தந்திகளும் ஏறின. ஏழாம் மெட்டில் மட்டும் தந்தி சற்றே அதிர்ந்து இரைகிறது. அதனைத் திருத்தலாம் என்கிறான். இருக்கட்டும் என்கிறோம் நாங்கள்.

அவன் மீண்டும் தேர்வு எழுத வேண்டும். முடிவு எவ்வாறிருக்கும் என்பதை ஆண்டவர் ஒருவரே அறிவார். இப்போது அவன் எங்களோடு அமர்ந்து உண்கிறான். செபமாலை முடிந்ததும் அந்தச் சிறு கருவியை மீட்டி மாதா பாடலுக்குச் சுருதி கூட்டுகிறான். பெற்றோரே, ஐம்பதிலும் வளையலாம். முதலில் வளைய வேண்டியவர் யார் என்பதே கேள்வி.