வடக்கே போனால் 'பஸ்' புஸ்ஸாகும்

லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து எடின்பரோ சுமார் 630 கிலோமீட்டர். விரைவு ரயிலில் நாலரை மணி நேரப் பயணம். ஜன்னலுக்கு வெளியே பெரிய மாற்றம் எதுவும் தெரியாது: புல்வெளி, செம்மறி ஆடுகள், செங்கல் வீடுகள், மறுபடியும் புல்வெளி. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால்தான் சங்கதி புரியும். ஏறி இறங்குகிறவர்களின் வாயில் 'பஸ்', 'கப்', 'ரோட்', 'கார்' எல்லாம் ஊருக்கு ஊர் உருமாறுகின்றன. சுத்தமான ஆங்கிலம் லண்டனில் இருக்கிறது என்று பள்ளிக்கூட நாள் முதல் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பயணிக்கு இந்த ரயிலில் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. வடக்கே போகப் போக, அவருடைய சொந்த ஆங்கிலத்துக்குச் சொந்தக்காரர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள்.

வேடிக்கை நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது. தேநீர்க் கடைப் பையன் "ஃப்ரீ பவுண்ட், மைட்" என்கிறான். இலவசம் என்று கோப்பையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடக் கூடாது. மூன்று பவுண்டு கேட்கிறான். கிழக்கு லண்டன் பேச்சில் 'த்ரீ' ஃப்ரீயாகும், 'திங்க்' ஃபிங்க் ஆகும், 'மேட்' மைட் ஆகும், 'டுடே' டுடை ஆகும். 'பாட்டில்' நடுவிலுள்ள டகரத்தைத் தொண்டையிலேயே நிறுத்தி விழுங்கிவிடுவார்கள். இதுதான் காக்னி. சீப்சைடில் உள்ள செயின்ட் மேரி-லெ-போ தேவாலயத்தின் மணியோசை கேட்கும் தூரத்தில் பிறந்தவரே அசல் காக்னி என்பது பழைய கணக்கு.

அப்படியானால் பாடப்புத்தகம் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் யாருடையது? டேனியல் ஜோன்ஸ் 1917-இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி, தென்னிங்கிலாந்தில் பெரிய உறைவிடப் பள்ளிகளுக்கு ஆண்பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களின் வீட்டுப் பேச்சை மாதிரியாக எடுத்துக்கொண்டது. 1926-இல் பி.பி.சி. உச்சரிப்புக்கென்றே ஓர் ஆலோசனைக் குழு வைத்தது. சில ஆண்டுகளில் அதற்குத் தலைவரானவர் பெர்னார்ட் ஷா. பூக்காரப் பெண்ணுக்குச் சீமாட்டியின் உச்சரிப்பைப் பழக்கும் 'பிக்மேலியன்' நாடகத்தை எழுதிய அதே ஷாதான், டப்ளினில் பிறந்தவர்.

பீட்டர்பரோ தாண்டியதும் புதிதாக ஏறுகிறவர்களைக் கவனிக்க வேண்டும். மேற்கே செவர்ன் முகத்துவாரத்திலிருந்து கிழக்கே வாஷ் விரிகுடா வரை, எந்தச் சாலை வரைபடத்திலும் இல்லாத ஒரு கோடு இங்கிலாந்தைக் குறுக்கே வெட்டுகிறது. அதற்குத் தெற்கே 'பஸ்', 'கப்', 'லவ்'. வடக்கே 'புஸ்', 'குப்', 'லுவ்'. இதைக் கேட்டு லண்டன்காரர்கள் சிரிப்பதுண்டு. உண்மையில் வழி மாறிப் போனவர்கள் அவர்கள்தான். பதினேழாம் நூற்றாண்டுக்கு முன்பு நாடு முழுக்க இத்தகைய சொற்களில் உகரமே ஒலித்தது. பிறகு தெற்கே மட்டும், அதுவும் சில சொற்களில் மட்டும், அது அகரமாக இளகியது. 'கப்', 'கட்', 'சன்' மாறிவிட்டன; 'புல்', 'ஃபுல்', 'புட்' தப்பித்துக்கொண்டன. வடக்கே எதையும் மாற்றவில்லை. தமிழ்நாட்டுக்குக் கப்பலேறி வந்தது மாறிய உச்சரிப்பு. அதனால்தான் நாம் பஸ்ஸில் போகிறோம்.

அந்தக் கோட்டை ஒட்டியே இன்னொன்றும் ஓடுகிறது. குளிப்பதும் புல்லும் சிரிப்பும் தெற்கே 'பாத்', 'கிராஸ்', 'லாஃப்' என்று நெடிலாகும். வடக்கே 'பத்', 'கிரஸ்', 'லஃப்' என்று குறிலோடு நின்றுகொள்ளும். இன்றைக்கு நெடில்தான் பெரிய இடத்துப் பேச்சு. ஆனால் 1791-இல் உச்சரிப்பு அகராதி போட்ட ஜான் வாக்கர், 'ஆன்ஸர்', 'பாஸ்கெட்' போன்ற சொற்களை நீட்டி ஒலிப்பது கொச்சைத்தனத்துக்கு வெகு அருகில் என்று முகம் சுளித்தார். அடுத்த நூற்றாண்டு முடிவதற்குள் அந்தக் கொச்சை மாளிகைகளில் குடியேறிவிட்டது.

ரயில் பாதையிலிருந்து சற்று விலகி லீட்ஸ் போனால், நிலையத்தில் காபி கொடுக்கிற அம்மாள் "தேர் யூ கோ, லுவ்" என்கிறார். முன்பின் தெரியாத தாடிக்காரரும் அங்கே 'லுவ்'தான். யார்க்ஷயர் வழக்கம் அது. அந்தக் 'கோ'வைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். லண்டனில் அது ஓரிடத்தில் தொடங்கி உகரத்தில் வழுக்கி முடியும். இங்கே தமிழ் ஓகாரம் போல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. 'ரோட்', 'கோட்', 'கேக்', 'ஃபேஸ்' எல்லாமே அப்படித்தான். சென்னையில் ஆங்கில உச்சரிப்பு வகுப்புக்குப் போனால் திருத்தச் சொல்லும் அதே ஓகாரம், அதே ஏகாரம்.

பக்கத்து ஹாலிஃபாக்ஸில் பிறந்த வில்ஃப்ரெட் பிக்கிள்ஸுக்கு இந்த உயிரெழுத்துகளால் பேரும் கிடைத்தது, ஏச்சும் கிடைத்தது. பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிய அதே 1941-இல் தேசியச் செய்தி வாசிக்க அவரை லண்டனுக்கு அழைத்தார்கள். அறிவிப்பாளர்களின் குரலை ஜெர்மானியர் போலி செய்துவிடக் கூடாது, யார்க்ஷயர் உச்சரிப்பைப் போலி செய்வது லேசல்ல என்பது அழைப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பிக்கிள்ஸ் வடக்கத்தியாருக்கு 'குட் நைட்' சொல்லும்போது அதை 'குட் நீட்' என்றார். இந்தப் பேச்சில் வரும் செய்தியை எப்படி நம்புவது என்று புகார்கள் வந்தன.

லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹரால்ட் ஆர்ட்டன் இந்த வேறுபாடுகளையெல்லாம் ஊர் ஊராகச் சேகரிக்கப் புறப்பட்டவர். 1950 முதல் 1961 வரை அவருடைய குழு 313 இடங்களில், பெரும்பாலும் கிராமங்களில், பிறந்த மண்ணை விட்டு அதிகம் நகராத வயசாளிகளைத் தேடிப்பிடித்து உட்கார வைத்தது. கேள்விகள் 1300-க்கும் மேல். கேட்பவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிடக் கூடாது என்பது விதி. பொருளைக் காட்டியோ விவரித்தோ "இதை என்னவென்று சொல்வீர்கள்?" என்பார்கள்; வந்த பதிலை வந்த ஒலியிலேயே ஒலிக்குறிகளால் எழுதிக்கொள்வார்கள். மிக அதிகமான ஊர்களில் அப்படி உட்கார்ந்து கேட்டவர் ஸ்டான்லி எல்லிஸ்.

அவருடைய காதுக்கு 1979-இல் ஒரு விபரீதமான வேலை வந்தது. யார்க்ஷயர் வட்டாரத்தில் பெண்களைக் கொன்றுகொண்டிருந்த தொடர்கொலைகாரனைத் தேடி மேற்கு யார்க்ஷயர் போலீஸ் திணறிய காலம். ஜூன் மாதம், 'நான்தான் அவன்' என்று எகத்தாளம் செய்யும் ஒலிநாடா ஒன்று தபாலில் வந்தது. பேச்சு யார்க்ஷயர்ப் பேச்சல்ல. எல்லிஸ் கேட்டுவிட்டு, சண்டர்லாந்து நகரில் காஸில்டவுன் என்ற பகுதியைச் சுட்டிக் காட்டினார். ஊரைச் சொல்லவில்லை, ஊருக்குள் பேட்டையையே சொல்லிவிட்டார். ஆனால் பேசுகிறவன் கொலைகாரனாக இல்லாமலும் இருக்கலாம் என்று அவரும் அவருடைய சகாவான ஜாக் வின்ட்சர் லூயிஸும் எச்சரித்தார்கள். போலீஸ் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டது, இரண்டாம் பாதியை விட்டுவிட்டது. சண்டர்லாந்துப் பேச்சு இல்லாதவர்கள் சந்தேகப் பட்டியலிலிருந்து கழன்றுகொண்டார்கள். அவர்களில் ஒருவன், பிராட்ஃபோர்டு பக்கத்துப் பேச்சுக்காரனான பீட்டர் சட்கிளிஃப். ஒலிநாடா வந்தபின் அவன் மேலும் மூன்று பெண்களைக் கொன்றான். 1981 ஜனவரியில்தான் ஷெஃபீல்டில் பிடிபட்டான். நாடாவில் பேசிய பொய்யன் ஜான் ஹம்பிள் 2005-இல், கடித உறையில் ஒட்டியிருந்த எச்சிலின் டி.என்.ஏ. மூலம் சிக்கினான். அவன் சண்டர்லாந்துக்காரனேதான்; வசித்தது காஸில்டவுனுக்கு ஆற்றின் அக்கரையில்.

சண்டர்லாந்துக்கும் நியூகாஸிலுக்கும் இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் ஒருவரை மற்றவர் என்று நினைத்துப் பேசினால் வம்புதான், கால்பந்துப் பகையும் சேர்ந்துகொள்ளும். சண்டர்லாந்தில் 'மேக்', 'டேக்' இரண்டும் 'மக்', 'டக்' ஆகும். கப்பல் கட்டிய அந்த ஊர்க்காரர்களுக்கு 'மக்கம்' என்ற பட்டப்பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். நியூகாஸில்காரர் ஜியார்டி. அவருக்கு 'டவுன்' என்பது 'டூன்', 'பிரவுன்' என்பது 'ப்ரூன்', 'ஹவுஸ்' என்பது 'ஹூஸ்'. ஐந்தாறு நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் வரிசையாக இடம் பெயர்ந்தபோது, வடகோடியில் ஊகாரம் மட்டும் அசையவில்லை. வீட்டுக்கு அங்கே 'ஹியெம்' என்றொரு சொல் உண்டு. நார்வேக்காரர் கேட்டால் தம் ஊர்ச் சொல் என்று நிமிர்ந்து உட்காருவார்.

வெளியூர் டாக்டர் கதையை நியூகாஸிலில் எல்லோரும் சொல்வார்கள். ஜியார்டி வாயில் வேலைக்கான 'வொர்க்', வெளியூர்க்காரர் காதுக்கு நடைக்கான 'வாக்' போலவே விழும். காலொடிந்த சுரங்கத் தொழிலாளியிடம் டாக்டர், "இனிமேல் நடக்கலாமா, பார்ப்போமா?" என்ற பொருளில் அந்த 'வாக்'கைப் போடுகிறார். அவரோ, "வேலைக்கா? எனக்கு இன்னும் நடக்கவே முடியலையே, டாக்டர்!" என்று அலறுகிறார்.

நார்தம்பர்லாந்தில் வயசாளி யாராவது வாய்த்தால் தொண்டைக்குள் கரகரக்கும் பழைய ரகரத்தைக் கேட்கலாம், பிரெஞ்சுக்காரர் ரகரம் மாதிரி. ராபின்சன் குரூசோ எழுதிய டேனியல் டிஃபோ 1720-களில் எழுதிய பயண நூலில் இதைக் குறித்து வைத்திருக்கிறார். இப்போது அது அருகிவிட்டது.

பெரிக் கடைசி ஆங்கில ஊர். ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் கைமாறிக் கைமாறி, 1482-லிருந்து இங்கிலாந்திடமே நிலைத்துவிட்டது. அதைத் தாண்டிப் பதினைந்து கிலோமீட்டருக்குள் உள்ள ஐமவுத் ஸ்காட்லாந்து. அரசியல் எல்லையே இங்கே உச்சரிப்பு எல்லையாகவும் இருக்கிறது. இந்தப் பக்கம் 'கா', அந்தப் பக்கம் 'கார்'. தெற்கத்தியார் 'கார்', 'டோர்', 'டாக்டர்' சொற்களின் கடைசி ரகரத்தைக் கைவிட்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஸ்காட்லாந்து அதை விடவில்லை, எடின்பரோ டாக்ஸிக்காரர் 'ஃபர்ஸ்ட் கார்னர்' என்றால் மூன்று ரகரமும் உருளும். ஓகாரமும் ஏகாரமும் இங்கே யார்க்ஷயரைவிடச் சுத்தம். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் 'ரோட்', 'டோர்', 'நம்பர்' என்று இயல்பாகச் சொல்லிக்கொண்டு போனால் டாக்ஸிக்காரர் புருவம் உயர்த்துவதில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு 1837-இல் வித்திட்ட ஜான் ஆண்டர்சன் ஸ்காட்லாந்து மிஷனரிதான். ஆனாலும் தமிழரின் ரகரத்துக்கு அவரைப் பொறுப்பாக்க வேண்டியதில்லை. எழுத்தில் இருப்பதை வாசித்துவிடும் பழக்கம் போதும்.

கிளாஸ்கோ இன்னும் ஒரு மணி நேரத்துக்குள். அங்கே பேச்சு வேகம் பிடித்துவிடுகிறது. பி.பி.சி. ஸ்காட்லாந்தின் 'பர்னிஸ்டன்' நகைச்சுவைத் தொடரில், குரலுக்குக் கட்டுப்படும் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட இருவர் 'இலெவன்' என்று பதினோராம் மாடியைக் கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிப்போவார்கள். லிஃப்ட்டுக்கு ஸ்காட்டிஷ் புரியாது. 2010-இல் வந்த அந்தக் காட்சியைக் கிளாஸ்கோக்காரர்களே விழுந்து விழுந்து ரசித்தார்கள்.

இந்த நகரத்து இளைஞர்களிடம் கொஞ்ச காலமாக லண்டன் வாடை அடிக்கிறது. தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் 'திங்க்' என்பதை 'ஃபிங்க்' என்கிறார்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஜேன் ஸ்டூவர்ட்-ஸ்மித்தும் சகாக்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, கிழக்கு லண்டன் கதையான 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் மனம் ஊன்றியவர்களிடம் இது கூடுதல் என்று காட்டியது. தெற்கே உறவும் நட்பும் இருப்பதும் ஒரு காரணம். அதே பிள்ளைகளிடம் 'கார்' ரகரமும் மெலிகிறது. நாக்கின் அசைவை அல்ட்ராசவுண்டில் படம் பிடித்தபோது, ரகரத்துக்காக நாக்கு நுனி எழும்புவது தெரிந்தது. ஆனால் குரல் அடங்கிய பிறகுதான் எழும்புகிறது. வசதியான குடும்பத்துப் பிள்ளைகளோ எதிர்த்திசையில் போகிறார்கள், ரகரத்தை இன்னும் அழுத்துகிறார்கள். ஆக, காஞ்சிபுரத்துக்காரரின் 'கார்' கிளாஸ்கோவில் இன்றைக்குப் பணக்காரப் பேட்டைகளில்தான் சுலபமாகச் செல்லுபடியாகும்.