கோபுலுவின் கோடு

பத்திரிகைகளுக்குக் கதைச் சித்திரம் வரைந்து ஜீவனம் நடத்துகிறவர்களிடம் உங்கள் ஆதர்ச புருஷர் யாரென்று கேட்டால், கோயில் கோயிலாகச் சென்று சிற்பங்களின் எதிரே அமர்ந்து வரைந்த சில்பியைச் சிலரும், 'பொன்னியின் செல்வன்' பாத்திரங்களுக்கு முகம் தந்த மணியத்தை வேறு சிலரும் சொல்லக்கூடும். அவ்விருவரிடத்திலும் எனக்குப் பக்தி உண்டு. ஆயினும், திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் சாமானிய கிருஹஸ்தரிடம் நம்மை அழைத்துச் சென்று, 'இவரைச் சற்று நின்று பாருங்கள்' என்று காட்டியவர் கோபுலு. ஆகையால் என் முதல் நமஸ்காரம் அவருக்கே.

1924இல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணத்துச் சித்திரப் பள்ளியில் பயின்ற கோபாலனுக்குக் கோபுலு என்று பெயர் சூட்டியவர் ஆனந்த விகடனின் ஓவியர் மாலி. சங்கீத வித்வான்களைச் சில கோடுகளில் சிறைப்பிடித்த அந்த மேதையின் நிழலில் தொடங்கியும், கோபுலு தம் கையெழுத்தைத் தாமே கண்டுகொண்டார்.

அந்தக் கையெழுத்தின் அருமையை உணர, அந்நாளில் படம் அச்சேறிய விதத்தைச் சற்று அறிய வேண்டும். இந்தியன் இங்க்கில் பெரிதாக வரைந்த படத்தைச் சிறிதாக்கிப் புகைப்படம் பிடித்து, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து லைன் பிளாக் செய்வார்கள். அதில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட சாயை கிடையாது. போதாததற்கு, மலிவுக் காகிதம் மையை உறிஞ்சிப் பரப்பும். நெருங்கி விழுந்த கோடுகள் ஒன்றோடொன்று கலந்து கறையாகிவிடும். எனவே எதை வரைவது என்பதைவிட எதை வரையாமல் விடுவது என்பதே எங்கள் தொழிலில் பெரிய கேள்வி. கோபுலு வரைந்த, சம்மணமிட்டு அமர்ந்த ஒருவரின் வேஷ்டியைப் பாருங்கள்: முழங்காலில் துணி இறுகும் இடத்தில் கோடு மயிரிழையாய் மெலிகிறது, மடியில் தளர்ந்து குவியும் இடத்தில் தடித்து, சட்டென்று நின்றுவிடுகிறது. மீதியெல்லாம் வெறும் காகிதம். ஆனால் அந்த வெற்றுக் காகிதமே நம் கண்ணுக்குச் சலவை வேஷ்டியாகத் தோன்றுகிறது. பல ஆண்டுகளாகத் தூரிகை பிடித்தும், அந்தக் கோடு எங்கே நிற்க வேண்டும் என்று அவர் கைக்கு எப்படித் தெரிந்தது என்பது எனக்கு இன்றளவும் ஆச்சரியமே.

கலைமணி என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' தொடர்கதைக்கு அவர் வரைந்த சித்திரங்களைத் தஞ்சைச் சீமையின் வாழ்க்கை ஆவணம் என்றே சொல்வேன். 1968இல் அது திரைப்படமாவதற்கு வெகு காலம் முன்பே, சிக்கல் சண்முகசுந்தரத்தையும் மோகனாவையும் வாசகர்கள் நேரில் கண்டவர்களைப் போல அறிந்திருந்தார்கள். நாயகனையும் நாயகியையும் லட்சணமாக வரையப் பலரால் முடியும். ஓரத்தில் நிற்கிறவர்களுக்கும் ஆளுக்கொரு சுபாவம் தருவதற்குத்தான் ஜனங்களிடம் உண்மையான பிரியம் வேண்டும். வசனமே இல்லாத அவருடைய நகைச்சுவைப் படங்களிலும் இதே பிரியம்தான். அவர் சிரிக்க வைத்த மனிதர் எவரும் சிறுமைப்பட்டதாக எனக்குத் தோன்றியதில்லை.

இந்தப் படங்களில் பழகிய கண்ணுக்கு வீதி அலுப்பதில்லை. பஸ் நிறுத்தத்தில் காலை மாற்றி மாற்றி நிற்கும் பெரியவர், மளிகைப் பையின் காதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கணக்குப் பார்க்கும் அம்மாள், கல்யாணப் பந்தலில் உட்கார இடம் தேடும் தூரத்து உறவினர் என்று எவரைக் கண்டாலும், 'இது கோபுலு படமாயிற்றே!' என்று மனம் உவகை கொள்கிறது. அன்றைய தினத்தின் பாரம் சற்றே குறைகிறது.

பக்கவாதத்தால் வலக்கை முடங்கியபோது, அவர் இடக்கையால் வரையப் பழகி வரைந்தார். கோடு கையில் பிறப்பதைவிடக் கண்ணில் பிறக்கிறது என்று நாங்கள் நம்புவதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. 2015இல் அவர் மறைந்தார்.

அந்நாளில் தொடர்கதைகளை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் அநேகம். அவற்றுள் பல கதைகள் பின்னர் புத்தகமானபோது, சித்திரங்கள் அவற்றில் இடம்பெறவில்லை. ஆகையால், உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு பைண்டு வால்யூம் இருக்குமானால், தயவுசெய்து அதைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.