அம்மாயியின் கண்ணும் அக்ரஹாரவும்

போர்டிங் வீட்டு டீச்சருக்குப் போன வருஷம் கண்புரை ஆபரேஷன். ஒரு வாரம் கறுப்புக் கண்ணாடியோட இருந்தார். பிறகு பில்களை எல்லாம் ஒரு ஃபைலில் அடுக்கி, "துவே, இந்தப் படிவத்தைக் கொஞ்சம் நிரப்பித் தாங்க" என்று எங்களிடம் நீட்டினார். அரச ஊழியர்களுக்கான 'அக்ரஹார' காப்புறுதிப் படிவம். டீச்சர் 2018இல் ஓய்வு பெற்றவர். மாசா மாசம் பென்சனில் ஒரு சின்னத் தொகை கழியுது, ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பகுதி திரும்ப வருது. அவ்வளவுதான்.

நாங்கள் மூன்று பேர், பேராதனைக் கலைப்பீடம். ஒருத்தி கலஹா பக்கத் தோட்டம், ஒருத்தி அக்குறணை, ஒருத்தி கண்டி டவுன். படிவத்தை நிரப்பி முடித்த அன்றிரவு பேச்சு எங்கள் வீட்டுக் கிழவர்கள் பக்கம் திரும்பியது.

கலஹா அம்மாயிக்கு எழுபத்தொன்று. அவருக்கும் அதே கண்புரை. "பனி மூடுனாப்புல இருக்கு புள்ள" என்பார். முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவர். பென்சன் இல்லை, அக்ரஹாரவும் இல்லை. வேலையை விட்டபோது கிடைத்த சேமலாப நிதிப் பணம் ஒரு கல்யாணத்தோடு முடிந்துவிட்டது. அரச ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் இலவசம்தான். ஆனால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். லயத்திலிருந்து ஒவ்வொரு கிளினிக்குக்கும் த்ரீவீலுக்கும் பஸ்ஸுக்கும் காசு வேண்டும். கூடப் போகிற அம்மாவுக்கு அன்றைய சம்பளம் இல்லை.

அக்குறணை மூத்தவாப்பாவுக்கு ஒரு சின்னப் புடவைக் கடை இருந்தது. சொந்தத் தொழில், அதனால் பென்சன் இல்லை. "காப்புறுதில வட்டி இருக்கே மகள்" என்று நெடுநாள் தள்ளிப்போட்டார். வட்டியில்லாத தகாபுல் முறையும் இருக்கு என்று தெரிய வந்தபோது வயது அறுபத்தெட்டு. கேட்ட இடத்தில், "இந்த வயசுக்குப் புதுசா சேர்க்கிறதில்ல" என்றார்கள். இப்போது அவருடைய காப்புறுதி, கட்டாரில் இருக்கும் மகன்தான்.

முதலில் எங்களுக்குத் தோன்றியது, நம்ம ஆக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று. அக்குறணைக் கதையில் அது கொஞ்சம் உண்மை. கலஹாவில் அப்படியில்லை. அம்மாயி எந்தப் படிவத்தையும் மறுக்கவில்லை, அவர் கைக்குப் படிவமே வரவில்லை.

அக்ரஹாரவுக்குள் போகும் வழி அரச வேலை. அரச வேலைக்குப் பிரஜாவுரிமை வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை தரும் சட்டம் வந்தது 2003இல். அப்போது அம்மாயிக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அந்த வயதில் யார் டீச்சர் வேலை தரப் போகிறார்கள்?

'இன்ன இனத்துக்குக் காப்புறுதி இல்லை' என்று இன்றைக்கு எந்தப் படிவத்திலும் எழுதியிருக்காது. பேராதனை வயல்களில் வேலை செய்யும் சிங்கள மாமாக்களுக்கும்தான் அக்ரஹார இல்லை. ஆனால் அவர்களுடைய பிள்ளைகளில் ஒருவர் ஆசிரியராகவோ கிளார்க்காகவோ ஆக வழி இருந்தது. அம்மாயியின் தலைமுறைக்கு அந்த வழி சட்டத்தாலேயே மூடியிருந்தது.

தேடிக்கொண்டு போனபோது இன்னொன்றும் தெரிந்தது. 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி சம்பளத்தில் 3 சதவீதம் கட்ட வேண்டும். தோட்டத் தொழிலாளர்களும் அதில் உறுப்பினர்கள். கண்ணுக்கு வில்லை வைக்கும் செலவுக்கும் இதய சத்திரசிகிச்சைக்கும் அந்த நிதியத்தில் உதவி இருக்கிறது. ஆனால் வேலையில் இருக்கும்வரைதான். கண்புரை பெரும்பாலும் வேலையை விட்ட பிறகுதான் முற்றுகிறது.

இதைச் சொன்னதும் அம்மாயி சிரித்தார். "அப்ப பெரட்டுக்குப் போறப்பவே கண்ணு கெட்டிருக்கணும்ங்கிறீங்களா?"

நாங்கள் சிரிக்கவில்லை. ஏனென்றால் எங்களில் ஒருத்தியின் அம்மா இன்னும் மலைக்குப் போகிறார். வயது ஐம்பத்துநான்கு. போன மாசம் அவருடைய அடையாள அட்டையையும் சேமலாப நிதி அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்றில் 'லெட்சுமி', மற்றதில் 'லச்சிமி'. இப்போதே திருத்தாவிட்டால் ஓய்வு பெறும்போது அலைய வேண்டி வரும். பெயர் திருத்தக் கடிதம் எழுதினோம், கண்ணைக் காட்ட நாளும் எடுத்தோம். உங்கள் வீட்டில் யாராவது இன்னும் வேலைக்குப் போகிறார்கள் என்றால், இந்த ரெண்டையும் இந்த லீவிலேயே பாருங்கள்.

ஆனால் இது எங்கள் வீட்டுக்கு நாங்கள் போட்டுக்கொண்ட ஒட்டு. கேட்க வேண்டியது வேறு: எழுபது வயதில் ஒருவர் எந்த வேலை செய்தார் என்று பார்க்காமல் கிடைக்கும் காப்புறுதி. டீச்சருக்குக் கிடைத்ததை நாங்கள் குறை சொல்லவில்லை. அதே அளவு உழைத்த அம்மாயிக்கும் அது வேணும் என்கிறோம்.

டீச்சர் இப்போது கண்ணாடி இல்லாமல் பத்திரிகை வாசிக்கிறார். அம்மாயி கிளினிக் கொப்பியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு முறைக்குக் காத்திருக்கிறார்.