இரண்டு பெருக்கிகளும் ஒரு தவிலும்

'ஆம்பிளிஃபையர்' என்பதற்கு நம் மக்கள் நாவில் வழங்கும் சொல் 'ஆம்பிளிஃபையர்' என்பதேதான். தமிழ்நாட்டு இயற்பியல் நூல்கள் 'பெருக்கி' என்கின்றன. இலங்கையார் 'விரியலாக்கி' என எழுதுவர். 'ஒலிபெருக்கி' என்றால் பொருந்தாதோ எனின், அச்சொல் கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டும் குழாய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆகவே 'பெருக்கி' என்றே எழுதுகிறேன். இசைத்தட்டிலிருந்தோ ஒலிநாடாவிலிருந்தோ வரும் நலிந்த மின்குறியை வாங்கி, அளவு திருத்தி, ஒலிப்பெட்டிகளை இயக்கும் வலிமை ஊட்டும் வேலை முழுவதையும் ஒரே பேழைக்குள் செய்வது ஒருங்கிணைந்த பெருக்கி. அதில் உயர்ந்த வகை ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின.

ஓய்வுபெற்ற தமிழாசிரியனுக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்று கேட்பீர்கள். ஜுரு தோட்டத்துக் கோயில் திருவிழாவில் என் சித்தப்பா தவில் வாசித்ததை, 1981-இல் யாரோ ஒருவர் ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்தார். நாற்பது நிமிடம். அவருடைய வாசிப்பில் இன்று எஞ்சியிருப்பது அது ஒன்றே. அதனுடன் அப்பா விட்டுச் சென்ற 78 சுழற்சி இசைத்தட்டுகள் பதினொன்று உண்டு. அவற்றுள் ஒன்று ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. சென்ற ஆண்டு செவிப் பரிசோதனை செய்த மருத்துவர், 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் என் கேள்வித்திறன் சரிந்துவிட்டது என்றார். முதுமையில் வரும் செவிக்குறை உச்ச ஒலிகளில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்குவது, போனது மீளாது. கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிட எண்ணினேன். என் மனைவியோ, "ஏங்க, பின்கட்டுக் கூரை ஒழுகுதே, அதை முதல்ல பார்க்கக் கூடாதா?" என்றாள். கையிருப்பு இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும். கூரை காத்திருக்கும், காது காத்திராது என்றேன். அவள் மறுமொழி சொல்லவில்லை. மழைக்காலத்தில் வாளியை வைப்பவள் அவள்தான்.

பலவற்றைப் பார்த்து, இறுதியில் இரண்டில் வந்து நின்றேன். இரண்டும், 1925-இல் ஒசாகாவில் தொடங்கிய லக்ஸ்மேன் நிறுவனத்தின் படைப்புகள், கைமாறி வந்தவை. ஒன்று எல்-590ஏஎக்ஸ் இரண்டாம் பதிப்பு: 'ஏ' வகுப்பு, எட்டு ஓமில் பக்கத்துக்கு 30 வாட். மற்றது எல்-509எக்ஸ்: 'ஏபி' வகுப்பு, 120 வாட். எடையில் இரண்டும் முப்பது கிலோவை நெருங்குகின்றன.

வகுப்பு வேறுபாட்டைப் பல்லக்கால் விளக்கலாம். ஒலியலை மேலும் கீழுமாக ஏறி இறங்குவது. 'ஏபி' வகுப்பில் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டர் அணியும் கீழ்ப்பாதியை மற்றோர் அணியும் சுமக்கின்றன. நடுக்கோட்டில் சிறிது தூரம் மட்டும் இருவரும் சேர்ந்து தூக்குவர். தோள் மாற்றும் அவ்விடத்தில் மிக நுண்ணிய குலுக்கல் உண்டாகலாம். 'ஏ' வகுப்பில் எவரும் தோளை எடுப்பதே இல்லை, குலுக்கலும் இல்லை. ஆனால் பல்லக்கில் ஆளில்லாத போதும் கூலி கொடுத்தாக வேண்டும். இசையே ஒலிக்காத வேளையிலும் அத்தகைய கருவி இருநூறு வாட் அளவுக்கு மின்சாரத்தை உண்டு வெப்பமாக உமிழ்கிறது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் என்றால் மாதம் 24 யூனிட். கட்டணம் கூடப் பெரிதன்று. ஜுருவின் பிற்பகலில், மூடிய அறையில், அது ஓர் அடுப்பு! உள்ளிருக்கும் மின்தேக்கிகளின் வெப்பம் பத்துப் பாகை ஏறினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையினர் கொள்ளும் பொதுக் கணக்கு.

30 வாட், 120 வாட் என்றதும் நான்கு மடங்கு ஒலி என்று மயங்க வேண்டா. வலு இரட்டித்தால் ஒலி 3 டெசிபல்தான் ஏறும். பத்து மடங்கானால்தான் நம் காது ஏறத்தாழ இருமடங்கு என உணரும். ஆக இவ்விரண்டின் வேறுபாடு 6 டெசிபல். வாய்ப்பாட்டுக்கு என் அறையில் அரை வாட்டும் செலவாகவில்லை. தவில் அப்படியன்று. வலந்தலையில் விரற்கூடுகளும் தொப்பியில் பூவரசங்கழியும் விழும் கணத்தில் ஒலி செங்குத்தாக எழுகிறது. தவிலைத் தவிலாகக் கேட்கும் அளவுக்குச் சராசரி 2 வாட் வேண்டியிருந்தது. ஒலிநாடா அடியின் உச்சியை ஓரளவு மழுக்கிவிடும் என்பதால் 15 டெசிபல் ஏற்றம் மட்டுமே கொண்டாலும், அது முப்பது மடங்கு, 60 வாட். முப்பது வாட் கருவி அங்கே தலையை இழந்துவிடும்.

வாங்க நினைக்கும் மாணவர்களுக்கு இடையே ஒன்று. ஜப்பானிலிருந்து நேராக வரும் பழைய கருவிகள் பல 100 வோல்ட்டுக்கானவை. நம் நாட்டு மின்சாரம் 230. பின்புறத் தகட்டைப் படிக்காமல் பணத்தை நீட்டாதீர்கள். பழைய தட்டுகள் வைத்திருப்போர் ஒற்றைத்தடப் பொத்தான் உண்டா என்றும் பார்க்க வேண்டும். அதை அழுத்தினால், ஊசி மேலும் கீழும் அசைவதால் எழும் இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும். 78 சுழற்சித் தட்டின் இசையோ பக்கவாட்டு அசைவில் இருப்பதால் சேதமின்றி நிற்கும். அத்தட்டுக்குரிய அகன்ற ஊசி தனியே வேண்டும்.

ஜார்ஜ் டவுன் கடைக்காரர் இரண்டையும் பாலம் கடந்து கொண்டுவந்து, ஒரு வார இறுதிக்கு வைத்துவிட்டுப் போனார். ஒப்பிடும்போது சற்றே உரத்து ஒலிப்பது சிறந்ததாகவே தோன்றும். அரை டெசிபல் போதும் ஏமாற்ற. ஆகவே 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி, ஒலிப்பெட்டி முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து இரண்டையும் சமமாக்கினேன். எது ஒலிக்கிறது என்று சொல்லாமல் மனைவியை அமர்த்தினேன். அவளும் அத்தோட்டத்துப் பெண். சித்தப்பாவின் தவிலுக்கு முன் வளர்ந்தவள்.

தோடியில் அவள் மூன்று முறையும் 'ஏ' வகுப்பையே சுட்டினாள். மூச்சு வாங்குவது தெரிகிறது என்றாள். எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. தவிலில் 120 வாட் கருவியைச் சுட்டினாள். அதில் எனக்கும் ஐயமில்லை. தொப்பி அடி நெஞ்சில் வந்து விழுந்தது. பிறகு திடீரென்று, "சித்தப்பா காப்பு உரசுதுங்க" என்றாள். வலக்கையில் வெள்ளிக் காப்பு அணிந்திருப்பார். வேகமாக வாசிக்கையில் அது வளையத்தில் பட்டுக் கிணுங்கும். திரும்பத் திரும்ப ஓட்டினேன். இரண்டு பெருக்கியிலும் அவளுக்குக் கேட்டது. இரண்டிலும் எனக்குக் கேட்கவில்லை.

அப்போதே தேர்வு முடிந்துவிட்டது. தோள் மாற்றும் குலுக்கல் பெரும்பாலும் உச்ச ஒலிகளில்தான் தலைகாட்டும்; என் காதுக்கு எட்டாத அந்த நயத்திற்காக அறையைச் சுடவைப்பதில் பொருளில்லை. எனக்கு இன்னும் மிஞ்சியிருப்பது அடி. திங்கட்கிழமை 'ஏ' வகுப்புக் கருவி தீவுக்குத் திரும்பிற்று.

மாலையில் நாடாவை ஓட்டுகிறேன். முகப்பில் இரண்டு முட்களும் அடிக்கு அடி துள்ளுகின்றன. எதிரே அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் மனைவி, காப்பு உரசும் இடம் வரும்போதெல்லாம் ஒரு விரலை உயர்த்துகிறாள். நாற்பது நிமிடத்தில் பதினான்கு இடங்கள் என்று எண்ணி வைத்திருக்கிறேன்.